மறு: மரத்தூளைச் சர்க்கரையாக்குவதற்கு என்ன சொல்?

> 'அமிலச் சிதைவு' என்றே போட்டுவிடலாமே, சுருக்கமாக இருக்கிறது.

ஐயா, வணக்கம். சுருக்கம்தான். ஆனால் 'சிதைவு' என்பதை இங்கேயே செலவழித்துவிட்டால் கட்டுரையின் அடுத்த பத்தியில் மாட்டிக்கொள்வோம்.

செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த நீளச் சங்கிலி. அமிலம் வினையை விரைவுபடுத்த, ஒவ்வோர் இணைப்பும் ஒரு நீர் மூலக்கூற்றை வாங்கிக்கொண்டு அறுகிறது. நீரும் சேர்வதால், 162 கிராம் செல்லுலோஸ் முழுவதும் மாறினால் 180 கிராம் குளுக்கோஸ். எடை கூடும் வேலைக்குச் சிதைவு என்று பெயர் வைப்பானேன்?

நிஜமான சிதைவு அதற்கு அப்புறம்தான். நீர்த்த கந்தக அமிலத்தில் 170, 180 டிகிரி செல்சியஸில் கூடுதல் நேரம் விட்டால், கிடைத்த குளுக்கோஸே கெட்டு ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபுராலாகிவிடும். சர்க்கரையைப் புளிக்கவைத்துச் சாராயமாக்கும் ஈஸ்டுக்கு அது ஆகாது. ஜெர்மனியின் ஷோலர் முறையில் மரத்தூள் வழியே சூடான நீர்த்த அமிலத்தைச் செலுத்திச் சர்க்கரையை அவ்வப்போதே வடித்தெடுத்தது இதற்காகத்தான். இன்னொரு வழியான பெர்கியுஸ் முறையில் சுமார் 40 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதிகச் சூடு வேண்டாம், அமிலத்தை மீட்பதுதான் பெரும்பாடு.

> அப்படியானால் 'மரச்சர்க்கரை எடுத்தல்'?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் மரத்திலிருந்து வரும் இன்னொரு சர்க்கரையான சைலோஸுக்கு உரியது. கடலூர்ப் பக்கத்துச் சவுக்குத் தூளை அமிலத்தில் வேகவைத்தால் குளுக்கோஸோடு சைலோஸும் வரும். எதைச் சொல்கிறோம் என்று யாருக்குத் தெரியும்?

என் முன்மொழிவு: நீர் சேர்ந்து இணைப்பு அறும் வினைக்குப் பாடநூலில் பழகிய 'நீராற்பகுப்பு' இருக்கட்டும். மரத்தூள் சர்க்கரையாகும் முழு வேலைக்கும் 'சர்க்கரையாக்கம்'. அமிலத்தால் செய்தால் அமிலச் சர்க்கரையாக்கம், நொதியால் செய்தால் நொதிச் சர்க்கரையாக்கம். கொழுப்பையும் நீராற்பகுக்கலாம், அதில் சர்க்கரை வராது. அதனால் இரண்டு சொல்லும் வேண்டும்.

— கடலூரிலிருந்து

சர்க்கரையாக்கத்துக்கு என் ஓட்டு. ஒரே உறுத்தல்: நெல்லிக்குப்பம் கரும்பாலைப் பக்கம் சர்க்கரை என்றால் கரும்பில் கிடைக்கும் சுக்ரோஸ்தான். முதல் தடவை வரும்போது 'குளுக்கோஸ் முதலிய எளிய சர்க்கரைகள்' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். வடித்தெடுக்கும் நீர்மத்தைப் 'பாகு' என்று எழுதியிருந்தார்கள், அது வேண்டாம். பாகு என்றால் சுண்டக் காய்ச்சியது. இதுவோ தண்ணீராகத்தான் இருக்கும், அமிலமும் போயிருக்காது. அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு போட்டு, அதில் உண்டாகும் ஜிப்சத்தை வடிகட்டும்வரை 'அமிலச் சாறு', அதன் பிறகு 'சர்க்கரைச் சாறு' என்று பிரித்து எழுதலாமா?

— புதுச்சேரியிலிருந்து