வயலின் பட்டர்வொர்த்தில், மிருதங்கம் செந்தூலில்

செந்தூல்காரன்:

2020 மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது தம்பி பட்டர்வொர்த்தில் மாமியார் வீட்டில் மாட்டிக்கொண்டான், நான் கோலாலம்பூர் செந்தூலில். அவன் வயலின், நான் மிருதங்கம். வெள்ளிக்கிழமை வாசிப்பு நின்றுவிடக் கூடாது என்று, எனக்குத் தெரிந்த அரைகுறை சி++-ஐ வைத்து இருவர் வாசிப்பையும் இணையத்தில் அனுப்பும் ஒரு சின்ன மென்பொருள் எழுதினேன். மூலநிரலையும் திறந்து போட்டேன். இன்று நாலைந்து பேர் அதில் பயிற்சி செய்கிறார்கள். ஒலி அனுப்பும் பகுதியை இப்போது முழுசாகத் திருப்பி எழுதப் போகிறேன். என் கதை இது, உங்களுடையதையும் போடுங்கள்.

முதலில் டிசிபி என்ற, இணையத்தில் தரவு அனுப்பும் நெறிமுறையில்தான் எழுதினேன். காரணம் சோம்பல். ஒரு பக்கம் ஊற்றினால் மறுபக்கம் வரிசை மாறாமல் வந்து விழும், நான் எதையும் எண்ண வேண்டாம். வீட்டுக்குள் இரண்டு லேப்டாப்பில் அருமையாக ஓடியது. பட்டர்வொர்த்துக்கு இழுத்ததும் அரை மணி நேரத்தில் தம்பி நாலு விநாடி பின்னால் போய்விட்டான். நான் தனி ஆவர்த்தனத்தை முடித்துத் தேத்தண்ணீர் குடிக்கும்போது அவன் "சபாஷ்" என்கிறான்.

கல்யாணப் பந்தியில் ஒரு இலைக்குச் சாம்பார் வரவில்லை என்று வரிசை முழுக்கக் கை நனைக்காமல் உட்கார்ந்திருப்பதைப் போலத்தான் டிசிபி நடந்துகொள்ளும். ஒரு பேக்கெட் (ஒலித் துண்டு ஒன்றைச் சுமக்கும் பொட்டலம்) தொலைந்தால் அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் காத்திருக்கும். பிறகு மொத்தமாக வந்து கொட்டும். என் நிரலோ எதையும் தூக்கி எறியாமல் அத்தனையையும் வரிசையாக வாசித்தது. அதனால் தாமதம் ஏறியது ஏறியதுதான், இறங்கவே இல்லை.

யூடிபி என்ற நெறிமுறைக்கு மாறினேன். அது அனுப்பியதோடு சரி, தொலைந்ததை மறுபடி அனுப்பாது, வரிசையும் பார்க்காது. 128 சேம்பிள் (ஒலியை அளந்தெடுத்த புள்ளிகள்), ஸ்டீரியோ, 16 பிட் என்றால் ஒரு பேக்கெட்டுக்கு 512 பைட். 48,000 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 375 பேக்கெட். ஒன்று தொலைந்தால் 2.7 மில்லிவிநாடி ஓட்டை, 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வரிசை எண் சேர்த்தேன், நேர முத்திரை சேர்த்தேன், முன்பின்னாக வருவதை அடுக்க ஒரு பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) சேர்த்தேன். எல்லாம் முடித்த பிறகுதான், ஒலியை உடனுக்குடன் அனுப்ப ஏற்கெனவே இருக்கும் ஆர்டிபி நெறிமுறையின் ஆவணத்தைப் படித்தேன். 1996-இல் முதல் பதிப்பு, 2003-இல் திருத்தியது. நான் மூன்று மாதம் கண்டுபிடித்தவற்றில் பாதி, பேக்கெட்டின் முன்னால் வரும் அதன் தலைப்பகுதியிலேயே இருக்கிறது!

தண்ணீர்மலை அடிவாரம்:

அண்ணே, நாங்கள் இதற்கு நேர் எதிராகப் பட்டோம். பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் தண்ணீர்ப் பந்தல். சாலையோரமாக 60 மீட்டர் தள்ளித் தள்ளி இரண்டு ஸ்பீக்கர் அடுக்கு. வயர் இழுத்தால் காவடி போகும் பாதையில் கால் தடுக்கும். அடுக்குக்கொரு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி வைத்து வைஃபையில் அனுப்பலாம் என்று கிளம்பினோம்.

ஆர்டிபி-யை மல்டிகாஸ்ட்டில் (ஒருமுறை அனுப்பினால் பல கருவிகள் கேட்கும் முறை) விட்டோம். காலையில் ஆள் இல்லாத நேரத்தில் தேன் மாதிரி இருந்தது. கூட்டம் சேர்ந்ததும் பாட்டு விக்கல் எடுக்க ஆரம்பித்தது. வைஃபை ரவுட்டர் மல்டிகாஸ்ட்டைக் குறைந்த வேகத்தில் அனுப்பும், போய்ச் சேர்ந்ததா என்று கேட்கவும் கேட்காது. இதை அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சுற்றி ஆயிரக்கணக்கான கைப்பேசிகள் வேறு.

இரவோடு இரவாக, பல ஸ்பீக்கரை ஒன்றாகப் பாட வைக்கும் ஸ்னாப்காஸ்ட் மென்பொருளைப் போட்டோம். அது டிசிபி-தான்! ஒரு விநாடி பஃபர், ஒவ்வொரு துண்டுக்கும் 'இத்தனை மணிக்கு ஒலி' என்ற குறிப்பு, இரண்டு பையும் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும். அதற்கப்புறம் விடியும்வரை ஒரு விக்கல் இல்லை. பந்தலில் யார் கூடவே வாசிக்கிறார்கள்? ஒரு விநாடி தாமதித்தால் முருகன் கோபிக்க மாட்டார்.

அறிவிப்பாளர்தான் கோபித்தார். மைக்கையும் அதே வழியில் விட்டிருந்தோம். தன் குரலே ஒரு விநாடி கழித்துத் திரும்பி வர, மனிதருக்கு நாக்கு குழறிவிட்டது. மைக்கை மட்டும் பக்கத்து ஸ்பீக்கருக்கு நேர் வயரில் மாற்றினோம். இன்னொன்று, இரண்டு பையையும் மில்லிவிநாடி சுத்தமாகச் சேர்த்த பிறகும் ஒரு ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றால் எதிரொலிதான் கேட்டது. 60 மீட்டரைக் கடக்க ஒலிக்கே 175 மில்லிவிநாடி ஆகிறது, அதற்கு எந்த நெறிமுறையும் மருந்து இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் மாணவி:

நான் நிரல் எழுதுகிறவள் இல்லை, மிருதங்கம் கற்கிறவள். அதே 2020-இல் எங்கள் சார், இணையம் வழியாகச் சேர்ந்து வாசிக்க உதவும் ஜாமுலஸ் மென்பொருளைப் போடச் சொன்னார். எல்லாரும் ஒரு சர்வருக்கு யூடிபி-யில் அனுப்ப, அது கலந்து திருப்பி அனுப்பும். சார் சொன்ன முதல் பாடம்: "உன் கை ஓசையை நம்பாதே, காதில் திரும்பி வருவதை நம்பு." இதைப் பழகவே இரண்டு வாரம் ஆனது.

தாமதம் கூடினால் என்ன நடக்கும் என்பதைக் கணக்கு இல்லாமலே சொல்வேன். காலப்பிரமாணம் இழுபடும். நான் சாருக்காகக் காத்திருப்பேன், சார் எனக்காகக் காத்திருப்பார். ஆதி தாளம் அப்படியே தூங்கி வழியும். 30 மில்லிவிநாடி என்றால் பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம் என்று சார் விளக்கினார். மற்றவர்கள் பத்து மீட்டரைச் சமாளித்தார்கள். என்னால் மட்டும் முடியவில்லை, கோர்வை (முத்தாய்ப்புச் சொற்கட்டு) ஒவ்வொன்றும், பாட்டு எடுக்கும் இடமான எடுப்புக்குப் பின்னால்தான் போய் விழுந்தது.

இணையத்தைத் திட்டினேன். அப்பாவை நச்சரித்துப் பதினைந்து மீட்டர் கேபிள் வாங்கி இழுத்தேன், கொஞ்சம் தேவலை. கடைசியில் பார்த்தால் காதில் மாட்டியிருந்தது புளூடூத். அது மட்டுமே நூறு மில்லிவிநாடிக்கு மேல் தின்றிருக்கிறது! பழைய வயர் ஹெட்போனை மாட்டிய அன்றுதான் சார் முதன்முறையாக "ம்" என்றார்.

விடுதிக்காரன்:

யூடிபி-தான் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை. நான் இருந்த கல்லூரி விடுதியில் யூடிபி வெளியே போகவே போகாது, இணையதளங்கள் வரும் 443-ஆம் எண் கதவு (போர்ட்) மட்டும் திறந்திருக்கும். உலாவி வழியாகப் பேச வைக்கும் வெப்ஆர்டிசி-காரர்கள் இதற்காகத்தான், யூடிபி முடியாத இடத்தில் டிசிபி வழியாகச் சுற்றிப்போக ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அண்ணே, உங்கள் மென்பொருளிலும் ஒரு பின்வாசல் வையுங்கள், 'தாமதமாகும்' என்று திரையில் எழுதிவிட்டு. இரண்டு வீடும் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிடும் இணைப்பில் இருந்தால் நேரடியாக இணைவதும் சந்தேகம்தான். நடுவில் ஒரு சர்வர் வேண்டியிருக்கும்.

செந்தூல்காரன்:

பின்வாசல் குறித்துக்கொண்டேன். தங்கச்சி, உன் புளூடூத் கதையைப் படித்ததும் என் மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன்.

யூடிபி-க்கு மாறிய பிறகு ஏறக்குறைய 27 விநாடிக்கு ஒரு 'டிக்'. மணி அடித்தாற்போல் தவறாமல் வரும். பேக்கெட் தொலைகிறது என்று ஒரு வாரம் இணைய நிறுவனத்தோடு மல்லுக்கட்டினேன். தொலைவது இப்படியா கணக்காகத் தொலையும்? பிறகு ஒரு இரவு இரண்டு லேப்டாப்பையும் மேசையில் வைத்து கேபிளில் நேராக இணைத்தேன். அப்போதும் டிக்.

குற்றவாளி ஒலி அட்டை. இரண்டும் 48,000 என்றுதான் சொல்லும், ஆனால் அவற்றின் கடிகாரமான இரண்டு படிகமும் ஒன்றுபோல் துடிப்பதில்லை. பத்தாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால் விநாடிக்கு 4.8 சேம்பிள் வழியும். 128 சேம்பிள் தீர 27 விநாடி! பஃபரின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே வேகத்தை நூலிழை மாற்றி சேம்பிள்களை மறுபடி கணக்கிட்டு எடுத்ததும் டிக் போயிற்று. அந்த நிறுவனத்தில் என் அழைப்பை எடுத்த பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வழியில்லை.

ஆகவே புதியது யூடிபி மேல் ஆர்டிபி. என் சொந்தத் தலைப்பகுதியைத் தூக்கிப் போடுகிறேன், மற்ற மென்பொருளும் புரிந்துகொள்ளட்டும். கேபிள் உள்ளவர்களுக்குச் சுருக்காத ஒலி, விநாடிக்கு ஒன்றரை மெகாபிட். மற்றவர்களுக்கு 5 மில்லிவிநாடித் துண்டுகளாக ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறை, ஒன்று தொலைந்தாலும் அதுவே பூசி மெழுகிவிடும். சபையோர் கேட்க மட்டும் தனி வாசல், அதில் பந்தல்காரர் சொன்னபடி டிசிபி, தாராளமான பஃபர்.

தம்பி பட்டர்வொர்த்திலேயே குடியாகிவிட்டான். மாமியாரின் வரவேற்பறை குறுக்கே இருபது மீட்டர் கேபிள் இழுக்க அவனுக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. அதுவரை அவன் ஓபஸ் கணக்கில்தான்.