வரலட்சுமி நோன்பு: கலசத்தில் அரிசியா, தண்ணீரா?

காவேரிப்பட்டணம் மருமகள்:
பிறந்த வீட்டில் இந்த நோன்பே கிடையாது. கல்யாணமாகி இங்கே வந்துதான் கலசத்தையே பார்த்தேன். அத்தை இருந்தவரை எல்லாம் அவர் கைதான். நான் கொழுக்கட்டைக்கு மாவு கிளறியதோடு சரி. அவர் போன பிறகு, 2025 ஆகஸ்ட் 8-ம் தேதி நோன்புக்கு முதல் தடவையாக நானே வைத்தேன். அத்தையின் பித்தளைச் சொம்பு, பாதி அளவு பச்சரிசி, மேலே தேங்காய், அதில் அம்மனின் வெள்ளி முகம். முந்தின நாள் வியாழன் சாயங்காலம் வாசற்படியில் கற்பூரம் காட்டி உள்ளே தூக்கி வரும்போது தேங்காய் சாய்ந்து, அம்மன் சுவரைப் பார்த்துவிட்டாள். வந்திருந்த சொந்தக்கார அம்மா ஒருவர் "ம்ம்ம்..." என்று இழுத்தார் பாருங்கள், இன்னும் காதில் நிற்கிறது. அரிசி வைத்ததுதான் தப்பு, தண்ணீர்தான் வைக்கணும் என்கிறார் எதிர்வீட்டு அக்கா. எது சரி?

ஓசூர் பாட்டி:
ரெண்டும் சரிதான் கண்ணு. எங்கள் வீட்டில் தண்ணீர், என் சம்பந்தி வீட்டில் அரிசி. உன் அத்தை அரிசி வைத்தார் என்றால் நீயும் அரிசியே வை. பாதியோடு நிறுத்தினாயே, அதுதான் சாய்ந்தது. கழுத்துவரை கொட்டி, அதிலேயே விரலி மஞ்சள், எலுமிச்சை, பாக்கு, காசு, காதோலை கருகமணி போடு. தேங்காய் வாங்கப் போகும்போது சொம்பையும் கையோடு கொண்டுபோய், வாயில் உட்கார வைத்துப் பார்த்து வாங்கு. கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். அப்புறம் சனிக்கிழமை புனர்பூஜை, அதான் நோன்புக்கு மறுநாள் பண்ணும் பூஜை, முடிந்ததும் அந்த அரிசியை அரிசிப் பானையில் சேர்த்துவிடு, கொஞ்சம் எடுத்துவைத்து அடுத்த வெள்ளிக்குப் பாயசம் பண்ணு.

ராயக்கோட்டை பூக்காரர்:
மாலை எவ்வளவு கனம் போட்டீர்கள்? வெள்ளி முகமே முன்பக்கம் பாரம், அதன்மேல் கதம்ப மாலையும் போட்டால் கவிழாமல் என்ன செய்யும்? முகத்தை மஞ்சள் நூலால் தேங்காயோடு இறுக்கிக் கட்டுங்கள். குடுமியில் ஒரு முழம் மல்லி போதும். (பூ விற்கிறவனே இதைச் சொல்கிறேன்!)

அரூர் வாத்தியார்:
நோன்புக் கதையில் வரும் சாருமதி, மாமனார் மாமியாரை நன்றாகப் பார்த்துக்கொண்டவள். அதற்காகத்தான் லட்சுமி அவள் கனவில் வந்தாள். தேங்காய் நேராக நின்றதா என்று அந்தக் கதையில் யாரும் கேட்கவில்லை அம்மா.

காவேரிப்பட்டணம் மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் பரணிலிருந்து சொம்பை இறக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே கழுத்தடியில் வட்டமாக மஞ்சள் கறை. அத்தை அதுவரை நிரப்பியிருக்கிறார். போன தடவை நான் புளி போட்டுத் தேய்த்தது வெளிப்பக்கம் மட்டும்தான்.