நிழல்வலை: எதை வாங்கினீர்கள், எப்போது கழற்றுகிறீர்கள்?

பல்லடம் பக்கம், நாற்றுப் பண்ணை

சித்திரை பிறந்தால் போதும், நாற்று எடுக்க வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை பர்சென்ட் வலைங்க போடலாம்?" என்பதுதான். வெயிலில் எவ்வளவை மறைக்கும் என்பதுதான் அந்த பர்சென்ட்; 35, 50, 75, 90 என்று கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதனால் கேள்வியும் அப்படியே வருகிறது. நான் திருப்பிக் கேட்பது வேறு: எந்த மாதம் போடப் போறீங்க, எந்த மாதம் கழற்றப் போறீங்க? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. வலை என்றால் போட்டது போட்டபடி கிழிகிற வரைக்கும் கிடக்கும் என்றே நினைக்கிறார்கள்.

எங்கள் பண்ணையில் 98 குழி தட்டு, தென்னை நார்க்கழிவு, தக்காளியும் மிளகாயும்தான் அதிகம். தக்காளி நாற்று 25 நாளில் தயாராகிவிடும், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள். பங்குனி, சித்திரையில் 50 சதவீத வலை இல்லாமல் தட்டு காய்ந்துவிடும், அதில் சந்தேகமில்லை. அதே வலையை ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் விட்டுவைத்தால் தண்டு மெலிந்து நெடுநெடுவென்று போகும். இலை வெளிறும். தட்டிலிருந்து உருவும்போதே சாய்கிற நாற்று வயலில் எங்கே நிற்கும்? அதனால் வலையைக் கம்பியில் வளையம் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறோம். ஒரு ஆள் கயிற்றைப் பிடித்து இழுத்தால் ஓரமாக ஒதுங்கும். அடைமழை பெய்கிற நாளில் மூடுகிறோம், மற்றபடி அந்த இரண்டு மாதமும் திறந்தேதான் இருக்கும். நாற்றைக் கொடுப்பதற்கு முந்தைய ஒரு வாரம் கோடையானாலும் வெயில் காட்டி, தண்ணீரையும் குறைத்துவிடுவோம்.

உங்கள் இடத்தில் எப்படி என்று எழுதுங்கள்.

ஓசூர் பக்கம், கொத்தமல்லி

அண்ணா, நான் கோடைக் கொத்தமல்லிக்காக மட்டும் வலை கட்டுகிறேன். மே மாதம் மல்லி விலை ஏறுவதற்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும்: வெயிலில் முளைப்பு கம்மி, முளைத்ததும் இலை வைப்பதற்குள் பூவெடுத்துவிடும். 50 சதவீத வலைக்குக் கீழே மண் சூடு தணிகிறது, விதையை இரண்டாக உடைத்துப் போட்டால் முளைப்பும் பரவாயில்லை. 40 நாளுக்குள் பிடுங்கிவிடலாம்.

இங்கே பேச வேண்டியது உயரம். பக்கத்துத் தோட்டத்தில் கறுப்பு வலையைக் கை தூக்கினால் தொடுகிற உயரத்தில் கட்டி, நாலு பக்கமும் தொங்கவிட்டிருந்தார்கள். மத்தியானம் உள்ளே போனால் மூச்சு முட்டும். கறுப்பு வலை வெயிலைத் தடுக்கும்தான், ஆனால் தானும் சூடேறும். அந்தச் சூடு போக வழி வேண்டாமா? அப்புறம் கம்பத்தை உயர்த்தி, காற்று வருகிற பக்கத்தைத் திறந்துவிட்ட பிறகுதான் இலை கருகுவது நின்றது. என்னைக் கேட்டால் பத்தடிக்குக் குறையாமல் கட்டுங்கள். தாழ்வாகத்தான் கட்ட முடியும் என்றால் வெள்ளை வலை தேவலை.

சென்னை, மொட்டைமாடி

மாடித்தோட்டக்காரர்களுக்காக எழுதுகிறேன். "50 பர்சென்ட்" என்று அச்சிட்ட பச்சை வலை ஒன்று வாங்கினேன். கத்தரியும் மிளகாயும் நன்றாகத் தழைத்தன, பூ மட்டும் இல்லை. உரம், பூச்சி என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் அலைபேசியில் வெளிச்சம் அளக்கிற செயலியை இறக்கி, உச்சி வெயிலில் வலைக்கு வெளியே ஒரு தடவை, உள்ளே ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். வெளியே லட்சம் லக்ஸை ஒட்டி வந்தது. உள்ளே 30 ஆயிரத்தைத் தாண்டவில்லை. அப்படியென்றால் நிழல் 70 சதவீதத்துக்கு மேல்! அலைபேசி துல்லியமான கருவி இல்லை, ஆனாலும் ஒரே அலைபேசியில் உள்ளேயும் வெளியேயும் பார்க்கிற விகிதம் பெரிதாகப் பொய் சொல்லாது. கட்டடத்துக்குச் சாரத்தில் கட்டுகிற பச்சை வலையையும் சில கடைகளில் தோட்ட வலை என்றே தள்ளிவிடுகிறார்கள், கவனம். நிறமும் ஒரு விஷயம்: பச்சை வலை பச்சை ஒளியைத்தான் தாராளமாக உள்ளே விடும், இலைக்கு அதிகம் வேண்டியது சிவப்பும் நீலமும்.

இப்போது தலைக்கு மேல் வலையே இல்லை. மேற்குப் பக்கம் மட்டும் திரைபோலத் தொங்குகிறது. காலை வெயில் முழுசாகக் கிடைக்கிறது, மூன்று மணி வெயில் மட்டும் மறைகிறது. மிளகாய் காய்க்கிறது. அந்த அடர்ந்த வலை வீணாகவில்லை, அதன் கீழே புதினாவும் வல்லாரையும் கொழிக்கின்றன.

இன்னொன்று, முடிச்சு. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது எதிர்வீட்டு மாடியில் வலையோடு சேர்ந்து இரும்புச் சட்டமும் பிடுங்கிக்கொண்டு போனது. புயல் எச்சரிக்கை வந்தால் பத்து நிமிடத்தில் இறக்குகிற மாதிரி உருவு முடிச்சு போட்டுக்கொள்ளுங்கள்.

பரமத்தி வேலூர், கொடிக்கால்

வெற்றிலைக்கு வலை போடலாமா என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். சிலர் போட்டும் பார்க்கிறார்கள். நாங்கள் இன்னும் அகத்திதான். கொடி நடுவதற்கு ஒன்றரை மாதம் முன்னாலேயே அகத்தி விதையை வரிசையாக ஊன்றிவிடுவோம். கொடி ஏறுகிற கொழுகொம்பும் அதுதான், நிழலும் அதுதான். மழை மாதம் வருகிறபோது கொப்பை வெட்டி வெளிச்சம் விடுவோம், வெயில் ஏறுகிறபோது தழைக்க விடுவோம். வெட்டின தழை ஆட்டுக்கு. பல்லடத்துத் தம்பி சொல்கிற இழுத்து மூடுகிற வேலையை நாங்கள் அரிவாளால் செய்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஆள் கூலி இன்றைக்கு இருக்கிற நிலைமையில் வலை மலிவாகிவிடுமோ என்ற கணக்கு எனக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போட்டவர்கள் யாராவது வரவு செலவோடு எழுதினால் நல்லது.

உடுமலை, பந்தல் அமைப்பவர்

நான் விவசாயி இல்லைங்க, கம்பம் நட்டு வலை கட்டுகிற வேலை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் எங்கள் பக்கம் அடிக்கிற அடி தெரியும்தானே. அதில் எந்த வலை நிற்கிறது, எது நார் நாராகப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

வலையைக் கையில் எடுத்து இழையைப் பாருங்கள். நரம்பு மாதிரி உருண்டையாக இருந்தால் மோனோ. பட்டையாக நாடா மாதிரி இருந்தால் டேப். டேப் வலை விலை குறைவு, நிழலும் கூடுதலாகத் தரும், ஆனால் சீக்கிரம் பிசிறும். தரமான மோனோ ஐந்து வருடம் வரை இழுக்கும். அடுத்தது எடை. 3 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம் என்றால் ஒரு ரோல் 150 சதுர மீட்டர். 100 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 100 கிராம், என்று சொல்லி விற்றால் ரோல் 15 கிலோ இருக்க வேண்டும். தராசில் வைக்கச் சொல்லுங்கள். 11 கிலோதான் நிற்கிறது என்றால் அடுத்த கடை. நிழல்வலைக்கு ஐஎஸ் 16008 என்று இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது, அந்த எண்ணையும் கேளுங்கள்.

வலை நடுவில் கிழிவதில்லை, கம்பி தொடுகிற இடத்தில்தான் கிழிகிறது. வெயிலில் கம்பி கொதிக்கும், காற்றில் வலை அதன்மேல் ராவிக்கொண்டே இருக்கும். தோட்டத்தில் கிடக்கிற பழைய சொட்டுநீர் லேட்டரல் குழாயை நீளவாக்கில் கீறி கம்பிமேல் மாட்டிவிடுங்கள். செலவே இல்லை. கந்தக மருந்து அடிக்கும்போது வலைமேல் படாமல் பாருங்கள், வெயிலைத் தாங்குவதற்காக அதில் சேர்த்திருக்கிற சரக்கைக் கந்தகம் கெடுத்துவிடும்.

தருமபுரி, புதிதாகத் தொடங்குபவர்

பாகலும் பீர்க்கும் போடலாம் என்றிருக்கிறேன். பூச்சி வராமல் நாலு பக்கமும் 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) வலையால் மூடிவிடலாமா? மானியம் கிடைக்கும் என்கிறார்களே?

பல்லடம் பக்கம், நாற்றுப் பண்ணை

தம்பி, நீங்கள் சொல்கிற 40 மெஷ் பூச்சி வலை வேறு, நிழல்வலை வேறு. பூச்சி வலையால் சுற்றி மூடினால் வெள்ளை ஈயோடு தேனீயும் வெளியேதான் நிற்கும். பாகலில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. காலையில் நீங்களே ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தடவ வேண்டும். கால் ஏக்கருக்குத் தினமும் அதைச் செய்ய ஆள் இருக்கிறதா? தானே காய்க்கிற பார்த்தினோகார்பிக் வெள்ளரி என்றால் மூடிய கூண்டு சரி. பாகலுக்குத் திறந்த பந்தலே போதும், நிழலும் தேவையில்லை, அது வெயில் கேட்கிற கொடி.

மானியம் உண்டு. 2014 தேசிய நெறிமுறைப்படி இரும்புக் குழாய் நிழல்வலைக் குடிலுக்குச் சதுர மீட்டருக்கு 710 ரூபாய் செலவு என்று கணக்கிட்டு அதில் பாதி கொடுத்தார்கள். பிறகு விதிகள் திருத்தப்பட்டிருக்கின்றன, உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இந்த வருடத்துத் தொகையைக் கேளுங்கள். ஆனால் மானியம் வருகிறது என்பதற்காகக் கூண்டு போட்டுவிட்டு, பிறகு அதற்குள் என்ன வைப்பது என்று யோசிக்காதீர்கள். முதலில் பயிர். குடைமிளகாய் வைக்கிற எண்ணம் இருந்தால் சொல்லுங்கள், உங்கள் ஊர் வெயிலுக்கு 35 போதுமா 50 வேண்டுமா என்று பேசலாம். எதுவானாலும் மேல்வலையைச் சுருட்டி வைக்கிற மாதிரி அமைக்கச் சொல்லுங்கள். உடுமலை அண்ணா, அதற்குச் சதுர அடிக்கு எவ்வளவு கூடும்?

உடுமலை, பந்தல் அமைப்பவர்

கம்பியும் வளையமும்தாங்க கூடுதல், கம்பம் அதேதான். தருமபுரித் தம்பி, இடத்தின் நீள அகலமும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.