பின்பக்கம் சரிவு: என்ன மரம் வைக்கலாம்?

வணக்கம் நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். எங்கள் வீடு சரிவு நிலத்தில் இருக்கிறது. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடி, பின்பக்கம் இரண்டு மாடி. சமையலறையைத் தாண்டியதும் நிலம் சடாரென்று இறங்கிவிடும். ஃபெங் சுயியில் (சீனர்களின் வாஸ்து மாதிரி) வீட்டின் முதுகுக்குத் தாங்கலாக மலை (அதைக் கருப்பு ஆமை என்பார்கள்), முன்னால் திறந்தவெளி வேண்டும் என்பார்கள். எங்களுக்கு அப்படியே தலைகீழ்! பின்னால் தாங்கல் இல்லாவிட்டால் ‘சி’ என்கிற உயிர்ச்சக்தி வழிந்தோடிவிடுமாம். பரிகாரம்: தாழ்ந்த மூலையில் கூரையைப் பார்த்து ஒரு விளக்கு, பின் எல்லையில் அடர்த்தியாக மரங்கள். விளக்கு சுலபம். மரம்தான் பயம். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய விட்ட துளைகளில் இப்போதே களைவேர் எட்டிப் பார்க்கிறது. மூங்கில் கூடவே கூடாதென்று வீட்டில் பிடிவாதம் (நியாயம்தான், அது பரவும்). இப்படிச் சரிவில் இருப்பவர்கள் என்ன நட்டீர்கள், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி? போட்டோ இருந்தால் போடுங்களேன்.