சிலேட் கோஸ்டரில் போட்ட கோலம் எண்ணெய் தடவியதும் மறைந்துவிடுகிறது, அவசர உதவி

செக்காலை_சீனு | திங்கள் இரவு 9:40
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் லேசர் மிஷின் வைத்து சிலேட் கோஸ்டரில், அதாவது டம்ளருக்கு அடியில் வைக்கிற கல் துண்டில், டிசைன் போடுகிறேன். ஓடி முடிந்ததும் வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்து எண்ணெய் தடவினால் பாதிக் கோலம் காணோம். பவரைக் கூட்டினால் ஓரமெல்லாம் மஞ்சளாகக் கருகுகிறது. முதலில் போட்ட இரண்டும் அருமையாக வந்தன, அதற்கு அப்புறம்தான் இப்படி. அடுத்த வாரம் அப்பச்சிக்கு அறுபதாம் சாந்தி. தாம்பூலப் பையில் வைத்துக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். படம் ஏற்ற முடியவில்லை, நெட் சரியில்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கோவை_சிஎன்சி | திங்கள் இரவு 9:52
என்ன மிஷின்? டையோடா, சிஓ2வா? எத்தனை வாட்? எந்த சாஃப்ட்வேர்? ஸ்பீடு, பவர், கோட்டுக்குக் கோடு இடைவெளி எவ்வளவு? என்ன எண்ணெய்? இவ்வளவும் இல்லாமல் யார் என்ன சொன்னாலும் ஜோசியம்தான்.

புதுவயல்_எலக்ட்ரிக் | திங்கள் இரவு 10:05
சாயங்காலத்தில் ஓட்டுகிறீர்களா? நம்ம பக்கம் ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் படுத்துவிடும். முதல் இரண்டும் பகலில் போட்டிருப்பீர்கள், நன்றாக வந்திருக்கும். ஸ்டெபிலைசர் போடுங்கள், சரியாகிவிடும்.

லேசர்_வாத்தியார் | திங்கள் இரவு 10:31
இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதி எழுதிக் கையே ஓய்ந்துவிட்டது. பழைய இழைகளைத் தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. மிஷின் வாங்கினால் கையேட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஃபோகஸ். அவ்வளவுதான். சிலேட் பாளம் பாளமாகப் பிரித்தெடுக்கிற கல். ஒன்று 5 மி.மீ. இருக்கும், அடுத்தது 7 இருக்கும். முதல் கல்லுக்கு வைத்த உயரத்திலேயே எல்லாவற்றையும் ஓட்டினால் புள்ளி அகன்றுவிடும். அகன்ற புள்ளி மேலாக வெளுக்கும், ஆழமாகப் பிடிக்காது. ஒவ்வொரு கல்லுக்கும் ஃபோகஸ் கட்டையை வைத்து உயரத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் ஓட்டுங்கள்.

நெகட்டிவ்_நண்பன் | திங்கள் இரவு 11:10
படத்தை நெகட்டிவ் ஆக்கினீர்களா? மரத்தில் சுட்ட இடம் கறுக்கும், சிலேட்டில் சுட்ட இடம் வெளுக்கும். மாற்றாமல் போட்டால் முகம் பேய் மாதிரி வரும். எனக்கு வந்தது.

செக்காலை_சீனு | செவ்வாய் காலை 7:15
டையோடு, 40 வாட். லைட்பர்ன். ஸ்பீடு 3000, பவர் 80. இடைவெளியைத் தொடவே இல்லை, மிஷினோடு வந்ததுதான். எண்ணெய் வீட்டுத் தேங்காய் எண்ணெய். நெகட்டிவ் அண்ணே, கோலம் வெறும் வெள்ளைக் கோடுதானே, அதற்கு எதற்கு நெகட்டிவ்? வாத்தியார் ஐயா, கட்டை வைத்துத்தான் பார்த்தேன், அப்படியும் போகிறது. முகப்பில் மேசை போட்டு ஓட்டுகிறேன், பகலிலும் இதே கதைதான்.

கோவை_சிஎன்சி | செவ்வாய் காலை 8:02
வீட்டு டையோடு மிஷினில் 40 வாட் என்று அச்சடித்திருப்பது பெரும்பாலும் அது இழுக்கிற மின்சாரம். வெளியே வருகிற ஒளி 5 வாட் பக்கம்தான் இருக்கும். பெட்டியில் 'ஒளித்திறன்' என்று தனியாகப் போட்டிருக்கிறதா பாருங்கள். 5 வாட் என்றால் நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகம் கொஞ்சம் கூடுதல். 1500லிருந்து 2000க்குள் வைத்து, இடைவெளி 0.1 மி.மீ. போடுங்கள்.

இன்னொன்று. முழுப் பவருக்கு என்ன எண் என்று மிஷினில் குறித்திருக்கிற $30 மதிப்பும், அதையே லைட்பர்னில் குறிக்கிற எஸ் உச்ச மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். மிஷினில் 1000, சாஃப்ட்வேரில் 255 என்று இருந்தால், நீங்கள் 80 போட்டாலும் உண்மையில் 20 சதவீதம்தான் எரியும். இதில் மாட்டாத ஆளே கிடையாது.

தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் சிக்கு வாடை அடிக்கும். மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் என்று கேளுங்கள், கெட்டுப்போகாது. ஒரு சொட்டு தடவி உடனே துடைத்துவிடுங்கள்.

லேசர்_வாத்தியார் | செவ்வாய் காலை 8:20
புதுவயலாருக்கு ஒரு தகவல்: அந்த அடாப்டரின் முதுகில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கும். உங்கள் ஊரில் 160க்கு இறங்கினாலும் லேசருக்குப் போவது மாறாது. ஸ்டெபிலைசர் வியாபாரத்தை வேறு இடத்தில் பாருங்கள்.

புதுவயல்_எலக்ட்ரிக் | செவ்வாய் காலை 8:33
நான் எதையும் விற்கவில்லை ஐயா. கரண்ட் ஒரு நொடி போய் வந்தால் வேலை நடுவில் நின்றுவிடும், கல் வீண். அதற்காவது யுபிஎஸ் வேண்டுமா, வேண்டாமா? முகப்பு போர்டில் எர்த் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய வீட்டு ஒயரிங்கை நம்ப முடியாது.

ஆச்சிவீட்டுப்_பேத்தி | செவ்வாய் காலை 9:05
நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். என்ன கோலம் போட்டிருக்கிறீர்கள்?

செக்காலை_சீனு | செவ்வாய் காலை 9:11
எங்கள் நிலைக்கதவுக்கு மேலே இருக்கிற கஜலட்சுமி நடுவில். சுற்றி நடுவீட்டுக் கோலம். எஸ் மதிப்பைப் பார்த்தேன் அண்ணே, இரண்டிலும் 1000தான்.

ஆச்சிவீட்டுப்_பேத்தி | செவ்வாய் காலை 9:30
அடப்பாவமே. நடுவீட்டுக் கோலம் விசேஷத்துக்கு அரிசியை அரைத்துக் கரைத்து, துணியில் நனைத்து விரலால் போடுவது. எங்கள் ஆயா போட்டு முடிக்கும்வரை யாரும் அதைத் தாண்டக்கூடாது. அதன் மேல் காபி டம்ளரா? அதுவும் லட்சுமி தலையில்?

கோட்டையூர்க்காரன் | செவ்வாய் காலை 9:48
ஆச்சி, நாம் மிதிக்கிற ஆத்தங்குடிக் கல்லில் தாமரையும்தான் இருக்கிறது. யாராவது தாண்டித் தாண்டியா நடக்கிறோம்?

ஆச்சிவீட்டுப்_பேத்தி | செவ்வாய் காலை 9:55
தாமரை பூ. கஜலட்சுமி சாமி. இது கூடத் தெரியாதா அண்ணே?

கோட்டையூர்க்காரன் | செவ்வாய் காலை 10:02
அப்போ கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையாரை அச்சடித்து, அப்புறம் அது பழைய பேப்பர்க்காரனிடம் போவது? அதைப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது.

நெகட்டிவ்_நண்பன் | செவ்வாய் காலை 10:20
ஆத்தங்குடிக் கல் என்றதும் ஞாபகம் வந்தது. அதில் லேசர் போடலாமா? வீட்டில் உடைந்த கற்கள் கிடக்கின்றன.

கோவை_சிஎன்சி | செவ்வாய் காலை 10:41
அது சூளையில் சுட்ட ஓடு இல்லை. கண்ணாடி மேல் கலர் சிமெண்டை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. வெளிர் நிறத்தில் நீல ஒளி டையோடு பெரிதாக ஒன்றும் பிடிக்காது. கருஞ்சிவப்பு, கறுப்பு துண்டு இருந்தால் முயற்சி பண்ணுங்கள். கேட்டவருடைய பிரச்சினைக்கு வருவோமா?

சும்மா_ஒருவர் | செவ்வாய் காலை 11:15
கல்லெல்லாம் எதற்கு? தாம்பூலத்துக்கு ஓலைக்கொட்டான், அதான் பனை ஓலையில் பின்னுகிற கூடை, கொடுங்கள். நம்ம ஊர்ப் பொருள், புவிசார் குறியீடும் இருக்கிறது. லேசரும் வேண்டாம், வோல்டேஜும் வேண்டாம்.

மானகிரி_கல்வேலை | செவ்வாய் மதியம் 2:30
தம்பி, ஒரு விஷயம் கேட்கிறேன். நன்றாக வந்த இரண்டும் மறைகிற மீதியும் ஒரே இடத்தில் வாங்கினதா? கல்லின் ஓரத்தைப் பாருங்கள். ஏடு ஏடாக, சொரசொரவென்று உதிர்கிற மாதிரி இருக்கிறதா, இல்லை பிளேடில் அறுத்து வழவழவென்று இருக்கிறதா?

செக்காலை_சீனு | செவ்வாய் மாலை 5:50
முதல் இரண்டும் ஆன்லைனில் சாம்பிளுக்கு வாங்கினது. ஓரம் நீங்கள் சொன்ன மாதிரி ஏடு ஏடாகத்தான் இருக்கிறது. மீதி இங்கேயே ஒரு கல் கடையில் சொல்லி நாலு அங்குலச் சதுரமாக அறுத்து வாங்கினது. வழவழவென்று இருக்கிறது. கடையில் சிலேட் என்றுதான் சொன்னார்கள். அதுவும் கறுப்புதான், பார்க்க ஒன்று போலத்தான் இருக்கிறது.

மானகிரி_கல்வேலை | செவ்வாய் மாலை 6:25
இதை முதலில் சொல்லியிருந்தால் ஃபோகஸ், வோல்டேஜ் எல்லாம் மிச்சமாகியிருக்கும். அது கடப்பாக் கல் என்றுதான் நினைக்கிறேன். நம்ம வீட்டு அடுப்படி அலமாரியில் தட்டாகப் போட்டிருப்போமே, அதே கல். கேட்கிறவர்கள் சிலேட் என்றால் கடைக்காரரும் சிலேட் என்பார்.

சோதிப்பது சுலபம். எழுத்துப் படாத பின்பக்கத்தில் ஆணியால் கீறி, கொஞ்சம் தூள் எடுங்கள். அந்தத் தூள் மேல் எலுமிச்சைச் சாறு சொட்டுங்கள். கடப்பா சுண்ணாம்புக் கல், பொடிப்பொடியாக நுரை கிளம்பும். சிலேட் களிமண் படிவு இறுகி உண்டானது, பொதுவாகச் சும்மா கிடக்கும். எலுமிச்சையில் சரியாகத் தெரியவில்லை என்றால் கழிப்பறை கழுவுகிற ஆசிட் ஒரு சொட்டு, வெளியே வைத்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு. பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் இருக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

ஏன் மறைகிறது என்றால், சிலேட்டில் லேசர் பட்ட இடம் உருகி, வெளிர்ந்த மெல்லிய கண்ணாடிப் படலமாகக் கல்லோடேயே ஒட்டிக்கொள்கிறது. துடைத்தாலும் போகாது. கடப்பாவில் நடப்பது சுண்ணாம்புக் காளவாயில் நடக்கிற வேலை. மேல்தோல் வெந்து சுண்ணாம்பாகிறது, கூடவே நுண்ணிய வெடிப்பு விழுகிறது. இரண்டும் பார்க்க வெள்ளை. ஈரத்துணி பட்டதும் சுண்ணாம்புத் தூள் துணியோடு வந்துவிடும். எண்ணெய் அந்த வெடிப்புக்குள் இறங்கியதும் மிச்ச வெள்ளையும் கறுத்துவிடும். நீங்கள் சொன்ன அந்த மஞ்சள் நிறம், கல் நன்றாகக் கறுப்பாகத் தெரியக் கடையில் தேய்த்த எண்ணெயோ மெழுகோ கருகுவதாக இருக்கும்.

லேசர்_வாத்தியார் | செவ்வாய் மாலை 6:58
கல் எதுவானாலும் ஃபோகஸ் ஃபோகஸ்தான். நான் சொன்னது தவறு என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை.

கோவை_சிஎன்சி | செவ்வாய் மாலை 7:04
கல்வேலை ஐயா சொன்னது சரியாக இருக்கும். இரண்டு கல்லுக்கும் ஒரே செட்டிங், ஒன்றில் வருகிறது, மற்றதில் வரவில்லை. அப்படியென்றால் கோளாறு மிஷினில் இல்லை.

செக்காலை_சீனு | செவ்வாய் இரவு 8:47
நுரைக்கிறது. சாம்பிளில் நுரையே இல்லை. சரி, இப்போது என்ன செய்வது? எண்ணெய் தடவாமல் இதையே கொடுத்துவிடலாமா?

மானகிரி_கல்வேலை | செவ்வாய் இரவு 9:10
கொடுக்காதீர்கள். சுண்ணாம்புக் கல்லுக்குப் புளிப்பு ஆகாது. எலுமிச்சைச் சர்பத் டம்ளர் கசிந்தால் போதும், வட்டமாக அரித்து மங்கலாகிவிடும். வாங்கிப் போனவர்கள் உங்கள் அப்பச்சி பெயரைச் சொல்லித்தான் பேசுவார்கள்.

நல்ல சிலேட் ஆந்திராவில் மார்க்காபுரத்துப் பக்கம் வெட்டுகிறார்கள், பள்ளிக்கூடச் சிலேட்டுக்குப் பேர் போன ஊர். ஆன்லைனில் சாம்பிள் வாங்கின இடத்திலேயே கேளுங்கள், வந்ததும் ஒவ்வொரு கட்டிலும் ஒன்றை எடுத்துச் சோதியுங்கள். பழைய மரச்சட்டம் போட்ட கல் சிலேட் வீட்டில் கிடந்தால் அதிலும் போடலாம்.

கோவை_சிஎன்சி | செவ்வாய் இரவு 9:26
அதில் ஒரு எச்சரிக்கை. இப்போது கடையில் விற்கிற பள்ளிக்கூடச் சிலேட் பாதிக்கு மேல் தகரம், அட்டை, பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கைச் சுடவே கூடாது. பிவிசியாக இருந்தால் வருகிற புகை ஹைட்ரஜன் குளோரைடு, நெஞ்சையும் கெடுக்கும், மிஷினையும் துருப்பிடிக்க வைக்கும்.

முகப்பில் ஓட்டுவதாகச் சொன்னீர்களே, வருகிறவர்கள் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்களா? பார்த்தால் நிறுத்துங்கள். நீல டையோடு 450 நானோமீட்டர். கல்லில் பட்டுத் திரும்புகிற ஒளியே கண்ணைக் கெடுக்கும். அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடி மட்டும்தான் காக்கும், கூலிங் கிளாஸ் போதாது. சிலேட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது, தூளை ஊதாதீர்கள். மாஸ்க் போட்டு ஈரத்துணியால் எடுங்கள். ஒரு பழைய விசிறியாவது புகையை வெளியே தள்ளட்டும்.

ஆச்சிவீட்டுப்_பேத்தி | செவ்வாய் இரவு 9:40
புதுக் கல் வாங்குவது என்று ஆகிவிட்டது, லட்சுமியை எடுத்துவிட்டு ஓரக் கோலம் மட்டும் போடுங்களேன் தம்பி. நடுவில் அப்பச்சி பேரைப் போடுங்கள்.

கோட்டையூர்க்காரன் | செவ்வாய் இரவு 9:44
அப்பச்சி பேர் மேல் டம்ளர் வைக்கலாமா ஆச்சி?

ஆச்சிவீட்டுப்_பேத்தி | செவ்வாய் இரவு 9:46
உங்களோடு பேச முடியாது.

நெகட்டிவ்_நண்பன் | சனி மாலை 4:15
சீனு, என்ன ஆச்சு? கல் வந்ததா?

சும்மா_ஒருவர் | ஞாயிறு காலை 8:00
வேலை முடிந்ததும் காணாமல் போவது இங்கே வழக்கம்தானே.

செக்காலை_சீனு | ஞாயிறு இரவு 10:20
வந்தது, சாந்தி வேலையில் எழுத நேரமில்லை. 1800, பவர் 80, இடைவெளி 0.1, பாரஃபின். துடைத்தும் போகவில்லை. கோலம் மட்டும், நடுவில் தேதி. எல்லோருக்கும் நன்றி. அறுத்த கடப்பாச் சதுரம் ஒரு பெட்டி கிடக்கிறது, காரைக்குடிப் பக்கம் யாருக்காவது வேண்டுமா?

புதுவயல்_எலக்ட்ரிக் | ஞாயிறு இரவு 10:31
தடிமன் எவ்வளவு தம்பி? இன்வெர்ட்டர் பாட்டரிக்கு அடியில் வைக்க எனக்கு வேண்டும்.

மானகிரி_கல்வேலை | ஞாயிறு இரவு 10:38
பாட்டரி ஆசிட் சிந்தினால் அதுவும் நுரைக்கும் அண்ணே.