மூடிப்போன ஸ்டோர் கேட் முன்னால் கார்: கம்பவுண்டை (அபராதச் சீட்டை) ரத்து செய்யக் கேட்கலாமா?

கித்தாக்காடு:

வணக்கம். மலேசியாவில் எங்கள் தோட்டத்து டவுனில், கடை வரிசைக்கு எதிரே, முன்பு ரப்பர் ஷீட் ஏற்றிய லோரிகள் போய்வந்த ஒரு வாசல் இருக்கிறது. தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறிய பிறகு ஸ்டோரும் புகைவீடும் மூடப்பட்டுவிட்டன. கேட்டில் துருப்பிடித்த சங்கிலி, அதன் மேல் கொடி படர்ந்திருக்கிறது. கால்வாய் மேல் போட்ட சிமெண்டுப் பலகையில் பாதி இடிந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் முன்னால் என் மைவி காரை நிறுத்தியதற்கு 100 வெள்ளி (ரிங்கிட்) கம்பவுண்ட். குற்றம் என்ற இடத்தில் 'மெங்ஹாலாங் லாலுவான் கெலுவார் மாசோக்', அதாவது போய்வரும் வழியை மறித்தது, என்று எழுதியிருக்கிறது. அங்கே மஞ்சள் கோடும் இல்லை, தடைப் பலகையும் இல்லை. 14 நாளுக்குள் கட்டினால் பாதிதான். ராயுவான் (மேல்முறையீடு) போடலாமா? போட்டால் எதை முன்வைப்பது?

செம்பனைமேடு:

போடலாம். ஆனால் "அந்த வாசலை யாரும் பயன்படுத்துவதில்லை" என்ற ஒரே வரியோடு போனால் நிற்காது. கம்பவுண்டில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 48-வது பிரிவு என்றால், இடைஞ்சல் நடந்தே இருக்க வேண்டும் என்பதில்லை, உண்டாக வாய்ப்பு இருந்தாலே போதும். ஆகவே "அன்று யாரும் வரவில்லை" என்பது பதிலாகாது. "அந்த வழியாக வாகனம் எதுவும் போகவே முடியாது" என்று காட்ட வேண்டும். மஜ்லிஸின் (உள்ளூராட்சி மன்றத்தின்) பார்க்கிங் ஆணைப்படி கொடுத்தது என்றால் அந்த ஆணையின் வாசகத்தைக் கவுண்டரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குற்றத்தின் சொற்கள் தெரியாமல் எழுதும் கடிதம் இருட்டில் கல் எறிவது போலத்தான்.

உங்களுக்கு இருக்கும் நல்ல சாட்சி அந்த இடிந்த பலகைதான். கேட் பூட்டியிருந்தால், நில உரிமையாளர் நினைத்தால் நாளைக்கே திறந்துவிடுவார். கால்வாய் மேல் பலகை இல்லாவிட்டால் கேட் திறந்தாலும் லோரி போக முடியாது. அளவு டேப் எடுத்துப் போங்கள். கேட்டின் அகலம், பலகையில் மிச்சம் இருக்கும் அகலம், கால்வாயின் ஆழம், மூன்றையும் டேப் தெரியும்படி படம் எடுங்கள். சாலையின் இரு பக்கமும் தெரியும் தூரப் படம் இரண்டு வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கம்பி எந்த ஊர்க் கம்பியோ என்று கேட்பார்கள். கார் அன்று நின்ற இடம் டேஷ்கேமில் இருந்தால் பிரதி எடுத்து வையுங்கள், அது பழையதை அழித்துக்கொண்டே போகும். கூகள் ஸ்ட்ரீட் வியூவில் உங்கள் ரோடு பதிவாகியிருந்தால், கணினியில் பழைய ஆண்டுப் படங்களையும் பார்க்கலாம். இரண்டு மூன்று ஆண்டுப் படங்களில் அதே கொடியும் அதே உடைசலும் தெரிந்தால், அந்த வாசல் நேற்று மூடியது இல்லை என்பது தானாக விளங்கும்.

கடிதம் மலாயில் இருக்கட்டும். யாங் டிபெர்துவாவுக்கு (மஜ்லிஸின் தலைவருக்கு), அமலாக்கப் பிரிவின் கவனத்துக்கு என்று எழுதுங்கள். தலைப்பில் கம்பவுண்ட் எண், கார் எண், தேதி, இடம். அதில் ஒரு சொல்லைக் கவனமாகப் போடுங்கள்: 'பெம்பாத்தாலான்', அதாவது ரத்து. 'பெங்குராங்கான்' என்று எழுதினால் குறைப்புக் கேட்கிறீர்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டது போலத்தான் படிப்பார்கள். கவுண்டரில் "குறைத்துத் தருகிறோம், கட்டிவிட்டுப் போங்கள்" என்று சொல்வது வழக்கம். கட்டினால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும், பிறகு ரத்து கேட்க இடமில்லை. கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்துப் போய், உங்கள் பிரதியில் தேதியோடு 'சாப் தெரிமா' (பெற்றுக்கொண்டதற்கான முத்திரை) வாங்காமல் திரும்பாதீர்கள். அமலாக்க அதிகாரி எடுத்த படத்தின் பிரதி வேண்டும் என்று அதே கடிதத்தில் கேளுங்கள்.

மேட்டுலயம்:

மேலே சொன்னது சரிதான். ஆனால் அதற்கு முன் அந்த வாசல் நிஜமாகவே செத்ததா என்று பாருங்கள் தம்பி. தோட்டத்து டவுன்களில் இப்படி மூடிக்கிடக்கும் கேட்டுக்கு உள்ளே மின்சார நிறுவனமான தெனாகாவின் சப்ஸ்டேஷன் இருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் மீட்டர் அறை இருக்கும். மின்சாரம் போனால் நடு ராத்திரியிலும் ஆள் வந்தாக வேண்டும். சில கேட்கள் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்து, மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ரதம் வெளியே வர மட்டும் திறக்கும். வருடத்தில் ஒரு நாள் திறந்தாலும் அது வாசல்தான். பக்கத்தில் தீயணைப்புக் குழாய் இருக்கிறதா என்றும் பாருங்கள். புல்லுக்குள் மறைந்திருக்கும்.

நிலம் யாருடையது என்பதும் தெரிய வேண்டும். பெஜாபாட் தானாவில் (நில அலுவலகத்தில்) லாட் எண்ணைக் கொடுத்து 'சாரியான் ரஸ்மி', அதாவது அதிகாரப்பூர்வத் தேடல், கேளுங்கள். தனியார் தேடுதலைவிட அதிகாரப்பூர்வத் தேடல்தான் நல்லது, சான்றிதழாகக் கையில் கிடைக்கும். உரிமையாளர் தோட்டக் கம்பெனி என்றால் பெரிய ஆபிசில் ஒரு கடிதம் கேளுங்கள். "இந்த வாசலை நாங்கள் பயன்படுத்துவதில்லை, எங்கள் போக்குவரத்து இன்ன கேட் வழியாக" என்று இரண்டு வரி போதும். உங்கள் பத்துப் படத்துக்கு அது சமம்.

இன்னொன்று. "அது தோட்டத்து ரோடு, மஜ்லிஸுக்கு அங்கே என்ன வேலை" என்று வாதாட வேண்டாம். பொதுமக்கள் போய்வரும் ரோடு என்றால் அதுவும் சட்டத்தின் கண்ணில் ரோடுதான்.

சாட்சிக்கூண்டு:

ராயுவான் நிராகரிக்கப்பட்டால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் அங்கேதான் பயந்து போகிறார்கள். கம்பவுண்ட் என்பது கோர்ட்டுக்குப் போகாமல் முடித்துக்கொள்ள ஒரு வாய்ப்பு, தீர்ப்பு இல்லை. கட்டாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து சம்மன் வரும். அதற்குப் போகாமல் இருக்கவே கூடாது, கைது வாரண்ட் வரை போகும். காரின் பதிவில் பழைய லயத்து முகவரி இருந்தால் சம்மன் அங்கே போய்க் கிடக்கும், ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) முகவரியை இப்போதே மாற்றிவிடுங்கள்.

முதல் நாளில் குற்றச்சாட்டை வாசிப்பார்கள். மலாய் சரியாகப் புரியாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். "ஒப்புக்கொள்ளவில்லை, விசாரணை வேண்டும்" என்று சொன்னால் வேறு தேதி கொடுப்பார்கள். விசாரணை தொடங்கும் முன், அரசுத் தரப்பு காட்டப்போகும் ஆவணங்களை உங்களுக்குக் கொடுக்க வேண்டும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஏ பிரிவு அதைச் சொல்கிறது. கவுண்டரில் தராத படம் அங்கே கிடைக்கலாம்.

தெருப் பெயரில் ஒரு எழுத்து தப்பு, நேரத்தில் ஐந்து நிமிஷம் தப்பு என்பதை நம்பிப் போகாதீர்கள். உங்களைத் திசைதிருப்பாத பிழை குற்றச்சாட்டைக் கெடுக்காது என்று அதே சட்டத்தின் 156-வது பிரிவு சொல்கிறது, 158-வது பிரிவின்படி தீர்ப்புக்கு முன் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். கார் எண்ணே வேறு என்றால் அது வேறு கதை.

தோற்றால் கம்பவுண்டை விட அதிக அபராதம் வரலாம், இரண்டு மூன்று நாள் சம்பளமும் போகும். அதனால் ராயுவானோடு முடிக்கப் பாருங்கள்.

கித்தாக்காடு:

நன்றி அண்ணே. போய்ப் பார்த்தேன். சப்ஸ்டேஷன் வேறு கேட்டுக்குள் இருக்கிறது. ரதம் இந்த வழி வருவதில்லை என்று கோயில் கமிட்டியில் சொன்னார்கள். கேட் அகலம் 4.2 மீட்டர், பலகையில் மிச்சம் 1.1 மீட்டர். ஆனால் படத்தில் காரின் பின் டயர் நல்ல பலகை மேலேயே ஏறி நிற்கிறது. அது கெடுக்குமா?

செம்பனைமேடு:

1.1 மீட்டரில் கார் போகாது, மோட்டார் சைக்கிள் போகும். அந்த ஓரமாக யாராவது மோட்டாரில் உள்ளே போய்வந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள், புல் மிதிபட்டிருந்தால் தெரியும். தடம் இல்லாவிட்டால் டயர் விஷயத்தை மறைக்காமல் நீங்களே கடிதத்தில் எழுதிவிடுங்கள். அவர்கள் படத்தில் எப்படியும் இருக்கும். தடம் இருந்தால் பாதித் தொகையைத் தேதிக்குள் கட்டிவிடுங்கள். எதுவானாலும் 14 நாள் முடிவதற்கு ஒரு வாரம் முன்பே கடிதத்தைக் கொடுங்கள். பதில் வரும்வரை பாதித் தொகைக்கான கடைசித் தேதி நிற்குமா என்று கவுண்டரில் கேட்டு, நிற்கும் என்றால் சாப் வைத்த பிரதியிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.