பாலக்கோட்டு மாடிக்கு 2 கிலோவாட்டா, 3 கிலோவாட்டா?

பாலக்கோடு மாடிவீடு:
எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 480 யூனிட் ஆகிறது. சோலார் போட வந்த விற்பனையாளர் மாடியை அளந்துவிட்டு, 500 சதுர அடி காலியாக இருப்பதால் 5 கிலோவாட் போடலாம் என்றும், கிலோவாட்டுக்கு நாள்தோறும் 5 யூனிட் உறுதி என்றும் சொல்லிப் போனார். அது அதிகம் என்றே எனக்கும் படுகிறது. ஆனால் 3 கிலோவாட்டுக்குக் குறையக் கூடாது என்பது என் எண்ணம். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்?

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
மாடியை அளந்து அளவை முடிவு செய்வது தவறு, ஐயா. மின் அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பேனலில் எழுதியிருக்கும் 540 வாட் என்பது, பேனலின் செல் 25 டிகிரியில் இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. சித்திரை நண்பகலில் என் மாடிப் பேனலின் மேல் கை வைக்க முடியாது. 60 டிகிரிக்குச் சூடேறினால், 25-க்கு மேல் டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் 12 சதவீதம் அங்கேயே போய்விடும். தூசு, வயர், பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் ஆகியவற்றின் இழப்புகளையும் கழித்தால், ஆண்டுச் சராசரியாகக் கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் என்று கணக்கிடுவதே நேர்மை. அப்படிப் பார்த்தால் 2 கிலோவாட் ஆண்டுக்கு 2,920 யூனிட் தரும். உங்கள் ஆண்டுச் செலவு 2,880; ஆக, 2 கிலோவாட்டே போதும். அதிலும் ஒவ்வொரு ரசீதிலும் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். மானியத்திலும் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000 மட்டுமே.

ஓசூர் மின்பணி:
கணக்கு சரி, முடிவை ஏற்க முடியவில்லை. இன்றைய அட்டை இன்றைய செலவை மட்டுமே சொல்லும். பேனலின் ஆயுள் 25 ஆண்டு. அதற்குள் அந்த வீட்டுக்கு மின்சார ஸ்கூட்டரும் ஏசியும் வராது என்று யார் சொல்ல முடியும்? ஒன்றரை டன் ஏசி இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் அதற்கே 8 யூனிட் வரை ஆகலாம். இன்று 2 கிலோவாட் இன்வெர்ட்டர் வைத்துவிட்டுப் பின்னால் பேனல் கூட்ட நினைத்தால் இன்வெர்ட்டரையே மாற்ற நேரிடும்; எர்த்திங்கும் ஆள்கூலியும் மறுபடி வரும். நான் வேலை செய்த வீடுகளில் சிறிதாகப் போட்டு வருந்தியவர்களையே அதிகம் கண்டிருக்கிறேன்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
ஏசி வாங்குவது உறுதி என்றால் 3 போடட்டும், அதை மறுக்கவில்லை. வாங்காவிட்டால், பகலில் மின்வாரியத்துக்கு அனுப்புவதை இரவில் எடுப்பதோடு கழித்தது போக ஆண்டு முடிவில் மிஞ்சும் யூனிட்டுக்கு நாம் மின்வாரியத்துக்குக் கொடுக்கும் விலை கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, இருவருமே கேட்காமல் விட்டோம்: தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது? நம் பக்கம் பெரும்பாலும் கன்னிமூலையில், அதாவது தென்மேற்கு மூலையில்தான் வைப்போம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், பிற்பகலில் அந்தத் தொட்டியின் நிழல் வடகிழக்காக நீண்டு மாடியின் நடுவே விழும். ஒரே வரிசையாகக் கோத்த பேனல்களில் ஒன்றின் மேல் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் குறைத்துவிடும். அந்த இடத்தில் மூன்றாவது கிலோவாட்டைப் பொருத்தினால், தாளில்தான் அது 3 கிலோவாட்.

ஓசூர் மின்பணி:
நிழல் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அது அளவைக் குறைக்கக் காரணம் அன்று, பேனலை வேறிடத்தில் வைக்கக் காரணம். கிழக்கு ஓரம் காலியாக இருந்தால் 3 கிலோவாட்டுக்கான ஆறு பேனலும் அங்கேயே அடங்கும். தெற்கு நோக்கி 12 டிகிரி சாய்வு போதும்.

பாலக்கோடு மாடிவீடு:
தொட்டி கன்னிமூலையில்தான் இருக்கிறது. இன்று மூன்றரை மணிக்கு மாடியில் நிழலின் விளிம்பைச் சாக்பீஸால் கோடிட்டேன். விற்பனையாளர் வரைந்து தந்த படத்தில் இரண்டு பேனல்கள் அந்தக் கோட்டுக்குள் வருகின்றன. ஏசி வாங்குவதா என்பதை வீட்டில் பேசி முடித்த பிறகே முன்பணம் கொடுப்பேன். அதுவரை மார்கழி நிழல் எவ்வளவு நீளும் என்பதை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லுங்கள்.